தைரொயிட் ரிப்போட் சரி, களைப்பு மட்டும் போகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைரொயிட் சுரப்புக் குறைபாட்டுக்காகத் தைரொக்சின் குளிசை எடுத்துவரும் பெரியவர்களில், பரிசோதனை முடிவு சரியாக இருந்தும் களைப்பு, குளிர் தாங்காமை, மறதி, மலச்சிக்கல், முடி உதிர்வு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ விடாதிருப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சிறுவர்களுக்கும், தைரொயிட் புற்றுநோய்க்காகச் சுரப்பி அகற்றப்பட்டவர்களுக்கும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் கணக்கு வேறு என்பதால் அவர்களைப் பற்றி இங்கே பேசப்படவில்லை.

"எல்லாம் நோர்மல்" என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் என் களைப்பு மனப்பிரமையா?

இல்லை. அந்த அறிக்கை ஒரேயொரு கேள்விக்குத்தான் விடை தருகிறது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, இரத்தத்தில் தைரொக்சின் குறைந்தால் ரி.எஸ்.எச். என்ற ஓமோனைக் கூட்டியும், தைரொக்சின் கூடினால் அதைக் குறைத்தும் சுரக்கிறது. ஆகவே ரி.எஸ்.எச். சரியான எல்லைக்குள், அதாவது பெரும்பாலான ஆய்வுகூடங்களில் லீற்றருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரைக்குள் இருந்தால், நீங்கள் எடுக்கும் குளிசையின் அளவு போதுமென்று கபச்சுரப்பி கருதுகிறது என்பதே அதன் பொருள். உங்களுக்குக் களைப்பு இல்லை என்றோ, களைப்புக்கு வேறு காரணம் இல்லை என்றோ அந்த எண் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

இந்த நிலையில் இருப்பவர்கள் ஒருவர் இருவரல்லர். தைரொக்சின் எடுத்து ரி.எஸ்.எச். சரியாக உள்ளவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர் வரை அறிகுறிகள் தொடர்வதாகச் சொல்கிறார்கள் என்று ஐரோப்பிய தைரொயிட் சங்கம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. முறைப்பாடு உண்மையானது. ஆனால் அதற்குரிய விடை தைரொயிட்டில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

குளிசையை எப்படி எடுப்பது சரி? நான் விடிய எழும்பியவுடன் தேத்தண்ணியோடு போட்டுவிடுகிறேன்.

முதலில் திருத்த வேண்டிய இடம் இதுதான். நம்முடைய வீடுகளில் விடியற்காலையில் அடுப்படியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள்: கேத்தில் கொதிக்கிறது, குவளையில் பால்மாவும் சீனியும் போட்டாகிவிட்டது, குளிசைப் போத்தல் சீனிப் போத்தலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, முதல் மிடறு பால்தேத்தண்ணியோடு குளிசையும் உள்ளே போகிறது. பாலிலுள்ள கல்சியம் தைரொக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்கிறது. கோப்பியும் உறிஞ்சலைக் குறைக்கும். தைரொக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு எடுக்கப்பட வேண்டும். அதன்பின் தேத்தண்ணிக்கோ புட்டுக்கோ குறைந்தது அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆட்களை அனுப்பும் வீட்டில் அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்காது என்பது தெரிந்ததே. அப்படியானவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும்போது எடுக்கலாம். நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், காலையில் எடுத்தவர்களே இரவில் எடுத்தபோது ரி.எஸ்.எச். இன்னும் நன்றாகக் கட்டுப்பட்டது. ஆனால் அவர்களுடைய அன்றாட நலத்தில் அது பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை. நேரத்தை மாற்றினால் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குப் பின் ரி.எஸ்.எச். திரும்பப் பார்க்கப்பட வேண்டும், ஏனெனில் அதற்கு முன் இரத்தத்தில் புதிய சமநிலை வந்துசேராது.

"என்னுடைய ரி.எஸ்.எச். தான் சரியாக இருக்கிறதே, பிறகு ஏன் இந்தக் கண்டிப்பு?" என்று நீங்கள் கேட்பது நியாயம். தேத்தண்ணியோடு எடுத்தே உங்கள் அளவு சரியாக அமைந்திருந்தால் கெடுதல் இல்லை. ஒரு நாள் வெறும் வயிற்றில், ஒரு நாள் பாலோடு, ஒரு நாள் மறந்து என்று மாறி மாறி எடுப்பதுதான் சிக்கல். அப்போது பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த காலத்து நிலையை மட்டுமே அறிக்கை காட்டும். கிளினிக் நாள் நெருங்கும்போது மட்டும் ஒழுங்காக எடுப்பவர்களும் உண்டு. அவர்களுடைய அறிக்கையில் தைரொக்சின் நன்றாகவும் ரி.எஸ்.எச். கூடியும் நின்று அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கந்தசஷ்டி, கேதாரகௌரி போன்ற விரத நாட்களில் குளிசையை நிறுத்தலாமா?

தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஏழு நாட்கள் எடுக்கும். எனவே ஒரு நாள் தவறினால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆறு நாள் கந்தசஷ்டியில் தொடர்ந்து நிறுத்துவதும், 21 நாள் கேதாரகௌரி விரதத்தில் நிறுத்துவதும் வேறு கதை. விரதம் முடிந்து சில கிழமைகளின் பின் வரும் களைப்புக்கு விரதத்தையே குறை சொல்ல வேண்டி வரும். தண்ணீர் அருந்தும் விரதமாயின் வழமைபோல் எடுக்கலாம், தண்ணீரும் இல்லையெனில் விரதம் முடிக்கும் நேரத்தில் முதலில் தண்ணீரோடு குளிசையை எடுத்து, அரை மணித்தியாலம் கழித்து உண்ணலாம். நோன்பு காலத்தில் முஸ்லிம் மக்கள் இரவில் படுக்குமுன்னோ, சஹருக்கு அரை மணித்தியாலம் முன்னோ எடுக்கிறார்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தவிர்ப்பவர்களுக்குக் குளிசையில் எந்த மாற்றமும் தேவையில்லை.

வேறு மருந்துகளும் சாப்பாடும் இடைஞ்சல் செய்யுமா?

செய்யும், சில மட்டும். இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியம் குளிசையும் தைரொக்சினுக்கு நான்கு மணித்தியால இடைவெளியில் எடுக்கப்பட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது மிக முக்கியம்: கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் தருவார்கள், கர்ப்ப காலத்தில் தைரொக்சின் தேவையோ காற்பங்குக்கு மேல் கூடும். கர்ப்பம் தெரிந்த அன்றே வைத்தியரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள், அடுத்த கிளினிக் வரட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். வயிற்றெரிவுக்கு நீண்ட காலம் எடுக்கும் ஒமெப்பிரசோல் போன்றவையும் உறிஞ்சலைக் குறைக்கலாம்.

சாப்பாட்டில் சோயாவைப் பற்றி மட்டும் கவனம் போதும். சோயாமீற், திரிபோஷா ஆகியவற்றைக் குளிசைக்குக் கிட்டத்தில் சாப்பிடாமல் மத்தியானத்துக்கோ மாலைக்கோ வைத்துக்கொள்ளலாம். மரவள்ளிக்கிழங்கையும் கோவாவையும் முற்றாக விலக்கச் சொல்லும் அறிவுரை ஊரில் அதிகம் உலவுகிறது. அயடீன் குறைந்த உணவோடு மரவள்ளியையே அன்றாடம் தின்று வாழும் இடங்களில் அது கழலைக்குக் காரணமாவது உண்மைதான். ஆனால் இலங்கையில் 1995 முதல் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்க்கப்பட்டுவருகிறது. நன்றாக அவித்த மரவள்ளியையும் கோவா வறையையும் அளவோடு சாப்பிடுவதால், ஏற்கெனவே தைரொக்சின் எடுப்பவருக்குத் தீங்கு எதுவும் இல்லை.

குளிசையின் வகை மாறியபின் களைப்பு கூடியது. அப்படி நடக்குமா?

நடக்கலாம். தைரொக்சின் மைக்ரோகிராம் கணக்கில் அளக்கப்படும் மருந்து. ஒரு நிறுவனத்தின் 100 மைக்ரோகிராமும் இன்னொரு நிறுவனத்தின் 100 மைக்ரோகிராமும் உடம்பில் சேரும்போது சிறிது வேறுபட இடமுண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டில் கிடைத்ததை வாங்கியவர்களுக்கு இது நினைவிருக்கும். வகை மாறினால் ஆறு முதல் எட்டுக் கிழமையில் ரி.எஸ்.எச். பார்ப்பது போதும்.

சூட்டையும் ஈரத்தையும் வெளிச்சத்தையும் இந்த மருந்து தாங்காது. 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் வைக்குமாறு பெரும்பாலான பெட்டிகளில் எழுதியிருக்கும், யாழ்ப்பாணத்தின் சித்திரை வெயிலில் அந்த எழுத்தைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் தகரக் கூரைக்குக் கீழே யன்னல் விளிம்பிலும், அடுப்படித் தட்டிலும், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் வைக்காமல், வீட்டின் குளிர்ச்சியான அறையில் மூடிய போத்தலில் வைக்கலாம். கடதாசி உறையில் தரப்பட்ட குளிசைகளை வீட்டுக்கு வந்ததும் ஈரமில்லாத, வெளிச்சம் புகாத சிறு போத்தலுக்கு மாற்றிவிடுங்கள்.

குளிசையின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் களைப்பு போய்விடாதா?

ரி.எஸ்.எச். எல்லையின் மேல் விளிம்பில், 4க்குக் கிட்ட நின்றால், இளவயதினருக்கு அளவைச் சிறிது கூட்டிப் பார்ப்பது நியாயமான முயற்சியே. அதை வைத்தியர் செய்வார். ஆனால் 1.5 அல்லது 2 இல் நிற்பவர் மேலும் கூட்டுவதால் பயன் வருவதில்லை. எவருக்கு எந்த அளவு என்று தெரியாத வகையில் அளவைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் களைப்பிலோ மனநிலையிலோ தெளிவான வேறுபாடு தென்படவில்லை. 2018இல் வெளியான அத்தகைய ஆய்வு ஒன்றில் பங்குபற்றியவர்கள், தமக்குக் கூடிய அளவு தரப்படுகிறது என்று தாம் நினைத்த மருந்தையே விரும்பினார்கள், உண்மையில் தரப்பட்டது எதுவாக இருந்தபோதிலும்.

கூட்டிக்கொண்டே போனால் ரி.எஸ்.எச். 0.1க்கும் கீழே இறங்கும். அந்த நிலை நீடித்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், அதனால் பாரிசவாதம் வரும் ஆபத்து உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு தேயும். மேலும், அளவு கூடியவர்களுக்கும் நித்திரை குழம்பிக் களைப்புத்தான் வரும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ரி.எஸ்.எச். 4 முதல் 6 வரை இருப்பதையே அமெரிக்க தைரொயிட் சங்கத்தின் 2014 வழிகாட்டி ஏற்றுக்கொள்கிறது, ஆகவே அம்மம்மாவின் அறிக்கையில் சிவப்புக் கோடு இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். களைப்புக்காகச் சோதித்தபோது ரி.எஸ்.எச். 5 அல்லது 6 என்று சற்றுக் கூடியிருந்து, தைரொக்சின் அளவு சரியாக இருந்தும் குளிசை தொடங்கப்பட்டவர்கள் பலர் உள்ளனர். 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், இப்படிச் சற்றே கூடிய ரி.எஸ்.எச். உள்ளோருக்குக் குளிசை கொடுத்தும் களைப்பு குறையவில்லை. அவர்களுடைய களைப்பின் காரணம் முதலிலிருந்தே தைரொயிட் அல்ல.

அப்படியானால் வேறு எவற்றைத் தேட வேண்டும்?

என் கணிப்பில் முதலிடம் இரும்புச்சத்துக்கு. தைரொயிட் குறைபாடே மாதவிடாய்ப் போக்கைக் கூட்டும். குளிசையால் தைரொயிட் சீரான பின்னும் இழந்த இரும்பு தானாகத் திரும்பி வராது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புக் கையிருப்பு வற்றியிருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. அது லீற்றருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் களைப்பு, முடி உதிர்வு இரண்டுக்கும் அங்கேயே காரணம் இருக்கக்கூடும். சோறு சாப்பிட்டுக் கைகழுவியவுடன் தேத்தண்ணி குடிக்கும் வழக்கமும் இரும்பைக் குடலில் சேரவிடாது.

அடுத்தது விற்றமின் பி12. நம்மிடையே தைரொயிட் குறைபாட்டுக்கு முக்கிய காரணம் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912இல் விவரித்த, உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோய். அந்நோய் உள்ளவர்களில் சிலருக்கு அதே எதிர்ப்புச் சக்தி இரைப்பையையும் தாக்கி பி12 உறிஞ்சலைத் தடுத்துவிடுகிறது. ஆயுள் முழுக்கச் சைவமாக இருப்பவர்கள், நீரிழிவுக்கு மெட்ஃபோமின் பல ஆண்டுகள் எடுப்பவர்கள் ஆகியோரும் கவனிக்க வேண்டும். கால் விறைப்பு, நாக்கு எரிவு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

நீரிழிவைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை, சோதித்துக்கொள்ளுங்கள். நித்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு மணித்தியாலம் படுத்தும் விடியவே களைப்போடு எழும்புபவர், பலமாகக் குறட்டை விடுபவர், இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புவதாக வீட்டார் சொல்பவர் ஆகியோருக்கு நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கலாம். எந்த இரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கிளினிக்கில் மறைப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதிகம்.

மனச்சோர்வும் அப்படித்தான். போரும் இடப்பெயர்வும் காணாமற்போனவர்களின் காத்திருப்பும் கடந்துவந்த குடும்பங்களில், மனச்சோர்வு "உடம்பு ஏலாது", "ஒண்டிலையும் பிடிப்பில்லை" என்ற சொற்களில்தான் வெளியே வருகிறது. அதைச் சொன்னால் களைப்பு பொய்யென்று ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, அது தைரொக்சினோடு சேர்த்தே எடுக்கக்கூடியது. மாதவிடாய் நிற்கும் பருவம், பிரசவத்துக்குப் பிந்திய ஆண்டு, அழுத்தத்துக்கு எடுக்கும் அத்தெனலோல் போன்ற மருந்துகள், தடிமலுக்கு அடிக்கடி எடுக்கும் நித்திரை வரும் குளிசைகள் ஆகியவையும் கணக்கில் சேர வேண்டும்.

தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்துச் செய்வதாயின், வைத்தியரிடம் கேட்டு முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், வெறும் வயிற்றுச் சீனி ஆகியவற்றை முதலிலும், பி12ஐ அடுத்தும் செய்யுங்கள். தைரொயிட் எதிர்ப்புடல்களைத் திரும்பத் திரும்ப அளப்பதும், "மறுதலை ரி-3" என்ற செயற்படாத தைரொயிட் ஓமோனைப் பார்ப்பதும் சிகிச்சையை மாற்றப்போவதில்லை. அந்தக் காசு மிச்சம்.

ரி.எஸ்.எச். சரியென்று காட்டியும் தைரொயிட் உண்மையில் குறைந்திருக்க முடியுமா?

அரிதாக முடியும். கபச்சுரப்பியே பழுதுபட்டால் அது ரி.எஸ்.எச்.ஐக் கூட்டிச் சுரக்க முடியாமல் போகும். எண் சரியாகத் தோன்றும், தைரொக்சின் குறைந்திருக்கும். பிரசவத்தில் அளவுகடந்த இரத்தப்போக்கு ஏற்பட்டு, அதன்பின் பால் சுரக்காமலும் மாதவிடாய் திரும்பாமலும் போன பெண்கள் இதை மறக்காமல் சொல்ல வேண்டும். நம்முடைய வயல்களுக்கும் வேலிகளுக்கும் உரிய இன்னொரு காரணமும் உண்டு: கண்ணாடி விரியன் எனப்படும் புடையன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து கபச்சுரப்பி செயலிழக்கிறது. பழைய பாம்புக்கடிக்கும் இன்றைய களைப்புக்கும் தொடர்பிருக்கும் என்று எவருக்கும் தோன்றாது, அதனால்தான் வைத்தியரிடம் நீங்களே சொல்ல வேண்டும். இவர்களுக்கு ரி.எஸ்.எச். மட்டும் போதாது, சுயாதீன ரி-4 (இரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் தைரொக்சின்), கோர்ட்டிசோல் (சிறுநீரகங்களுக்கு மேலுள்ள சுரப்பிகளின் ஓமோன்) ஆகியவையும் பார்க்கப்பட வேண்டும்.

கோர்ட்டிசோல் குறைவதும் கடும் களைப்பைத் தரும். நிறை குறைதல், எழும்பி நிற்கையில் தலைச்சுற்று, உப்பில் ஆசை, உள்ளங்கைக் கோடுகளும் முரசும் கறுத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். மூட்டுவலிக்கோ முட்டுக்கோ நீண்ட காலம் ஸ்ரீரொயிட் எடுத்துத் திடீரென நிறுத்தியவர்களுக்கும் இது வரும். கோர்ட்டிசோல் குறைவைச் சரிசெய்யாமல் தைரொக்சினைக் கூட்டுவது உயிராபத்தானது.

ரி-3 சேர்த்த சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கனடாவிலுள்ள அக்கா அனுப்பிவைக்கிறேன் என்கிறா.

தைரொயிட் சுரப்பி பெரும்பாலும் ரி-4ஐயே, அதாவது தைரொக்சினையே சுரக்கிறது. உடலின் மற்ற இழையங்கள் அதைச் செயற்படும் வடிவமான ரி-3 ஆக மாற்றிக்கொள்கின்றன. சிலருக்கு இந்த மாற்றம் போதாமல் இருக்கலாம் என்ற எண்ணத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. 1999இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது, பின்னர் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சராசரியாகப் பயனைக் காணவில்லை. ஆனாலும் சேர்க்கைச் சிகிச்சையை விரும்பிய நோயாளிகள் அந்த ஆய்வுகளிலும் இருந்தார்கள் என்பதால், வேறு காரணங்கள் யாவும் பார்த்து முடிந்தபின், அகஞ்சுரக்கும் தொகுதி நிபுணரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட சில மாதங்களுக்குச் சோதித்துப் பயனில்லையெனில் நிறுத்துவதை ஐரோப்பிய வழிகாட்டி அனுமதிக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளருக்கும் அது பொருந்தாது. ரி-3 விரைவாக ஏறி விரைவாக இறங்கும். படபடப்பு அதன் முதல் அடையாளம்.

அக்கா பார்சலில் அனுப்பும் மிருகத் தைரொயிட் தூளில் செய்த குளிசையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். 1891இல் ஆட்டுத் தைரொயிட் சாறுதான் இந்நோய்க்கு முதன்முதலில் கொடுக்கப்பட்டது, அன்று அது உயிர்காத்த மருந்து. ஆனால் அதில் மனித உடலின் விகிதத்தை விட ரி-3 கூடுதல். முடி வளர்வதற்கென்று வரும் பயோட்டின் குளிசையும் கவனத்துக்குரியது. அது தைரொயிட்டைத் தொடாது, ஆய்வுகூடக் கருவியை ஏமாற்றி ரி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் ரி-4ஐக் கூட்டியும் காட்டக்கூடும். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன் அதை நிறுத்துங்கள். கடற்பாசிக் குளிசைகளில் அயடீன் மிக அதிகம், ஹஷிமோட்டோ நோயுள்ளவருக்கு அது தீங்கு செய்யும்.

நிறை குறையவே இல்லை. அதற்கும் தைரொயிட் காரணமா?

தைரொயிட் குறைபாட்டால் ஏறும் நிறை பொதுவாக 3 முதல் 5 கிலோ, அதில் பெரும்பகுதி உப்பும் நீரும். ரி.எஸ்.எச். சரியான பின் மிஞ்சும் நிறைக்குச் சோற்றின் அளவையும் நடையையும்தான் பார்க்க வேண்டும். முடி மட்டும், எல்லாம் சரியான பின்னும் சில மாதம் உதிர்ந்தே ஓயும்.

கிளினிக்கில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. எப்படிச் சொல்வது?

விடிய வந்து இலக்கம் எடுத்துக் காத்திருந்தவர் வைத்தியருக்கு முன்னால் போனதும் "அலுப்பா இருக்கு" என்று மட்டும் சொன்னால், அறிக்கையைப் பார்த்து "எல்லாம் சரி" என்ற விடைதான் வரும். எதைச் செய்ய முடியவில்லை, எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள்: "டொக்டர், குளிசை வெறும் வயித்திலதான் போடுறன், ஒரு நாளும் விடுறேல்லை. மூண்டு மாசமா கிணத்தில நாலு வாளி அள்ளினா இருக்க வேண்டி வருது. மாதவிடாயும் எட்டு நாள் போகுது. இரும்பு பாக்கேலுமோ?" இதில் அவர் பிடித்துக்கொள்ள நான்கு கொழுக்கிகள் இருக்கின்றன. எடுக்கும் எல்லா மருந்துகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இரத்தம் கொடுக்கும் நாளில் காலையில், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கொடுத்து, அன்றைய குளிசையை அதன்பின் எடுங்கள். ரி.எஸ்.எச். அதிகாலையில் கூடியும் பின்னேரத்தில் குறைந்தும் இருக்கும் என்பதால் வெவ்வேறு நேரத்து எண்களை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

எப்போது அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது?

நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், தாளம் தப்பிய படபடப்பு, மயக்கம், கறுப்பாக மலம் போதல், காரணமின்றி நிறை குறைதல், விடாத காய்ச்சல், கழுத்துக் கட்டி திடீரெனப் பெருத்து விழுங்கவோ பேசவோ கடினமாதல், உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அன்றே போங்கள். குளிசையைப் பல மாதம் விட்டிருந்த முதியவர் ஒருவர் உடல் குளிர்ந்து, பேச்சுக் குழறி, எழுப்பினாலும் கண் திறக்காமல் தூங்கிக்கொண்டிருந்தால் வீட்டில் குளிசையைக் கொடுத்துப் பார்க்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.